கூலி ஏறினால் வேலை போகுமா? திருப்பூரை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

கல்லூரிப் பொருளாதாரப் பாடத்தில் தொழிற்சங்கம் என்பது ஒரே ஒரு வரைபடம். தேவைக்கோடு, அளிப்புக்கோடு, அவற்றுக்கு மேலே 'சங்கக் கூலி' என்று ஒரு கோடு, ஓரத்தில் வேலையிழந்தவர்கள். அந்தப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். திருப்பூரில் ஒரு சனிக்கிழமை மாலை சம்பளம் போடும் நேரத்தில் பனியன் கம்பெனி வாசலில் நின்று பார்த்தால், அந்தப் படத்தில் விட்டுப்போனவை தெரியவரும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு அந்த ஊரை வைத்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

பொருளின் விலை ஏறினால் வாங்குவது குறைகிறது. கூலியும் உழைப்பின் விலைதானே? சங்கம் கூலியை உயர்த்தினால் வேலை குறையாதா?

குறையலாம், குறையாமலும் போகலாம். இது மழுப்பலாகத் தோன்றும் என்பதால் எப்போது எது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு டைலர் ஒரு ஷிப்டில் தைத்துக் கொடுப்பதால் நூல், சாயம், மின்சாரம், வாடகை, வட்டி எல்லாம் கழித்து முதலாளி கையில் 900 ரூபாய் மிஞ்சுகிறது. அந்த டைலர் 500 ரூபாய்க்குக் கீழே கொடுத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். அப்படியானால் 500-க்கும் 900-க்கும் இடையில் எந்தக் கூலியிலும் இந்த வேலை நடக்கும். எங்கே நிற்கும் என்பது பேரத்தைப் பொறுத்தது. தனியாகப் போய்க் கேட்டால் 550. சங்கம் கேட்டால் 700. இதனால் ஒரு தையல் இயந்திரம்கூட நிற்காது. முதலாளியின் பங்கு சுருங்கும், அவ்வளவுதான். 950 கேட்டால் இயந்திரம் நிற்கும்.

இப்போதைய கூலி அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், 'வேலை போய்விடும்' என்று மிரட்டுவதும் சரியல்ல, 'ஒன்றும் ஆகாது' என்று உறுதி கொடுப்பதும் சரியல்ல. முதலாளி சங்கங்கள் முதல் தவறைச் செய்கின்றன. மேடைப் பேச்சாளர்கள் இரண்டாவதைச் செய்கிறார்கள். அந்த 900 என்ற உச்சவரம்பு நிலையானதும் அல்ல. கடல் கடந்து எங்கோ ஒருவர் அதை மாற்றிக்கொண்டே இருக்கிறார். அதைப் பின்னால் பார்ப்போம்.

இரு தரப்பும் சம்மதித்துத்தானே கூலி முடிவாகிறது? இதில் 'பலம்' எங்கிருந்து வந்தது?

காத்திருக்க முடிவதிலிருந்து வந்தது. இதை அன்றே சொன்னவர் சிவப்புக் கொடிக்காரர் அல்ல. தடையற்ற சந்தையின் தந்தை என்று போற்றப்படும் ஆடம் ஸ்மித். தகராறு வந்தால் முதலாளிகள் கைச்சரக்கை வைத்துக்கொண்டு ஓரிரு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பார்கள், தொழிலாளர்களில் பலரால் ஒரு வாரம்கூட முடியாது என்று 1776-இல் அவர் எழுதினார். கூலியை ஏற்றக்கூடாது என்று முதலாளிகள் தங்களுக்குள் சத்தமில்லாமல் கட்டிக்கொள்ளும் உடன்பாட்டையும் அவர் விடவில்லை. அது எங்கும் எப்போதும் இருக்கிறது, வழக்கமாகிப்போனதால் யார் காதிலும் விழுவதில்லை என்பது அவர் கருத்து.

உழவர் சந்தையில் சாயங்காலம் தக்காளி விற்பவரைப் பாருங்கள். காலையில் சொன்ன விலையில் பாதிக்குத் தள்ளிவிடுவார், ஏனென்றால் மறுநாள் அழுகிவிடும். உழைப்பு அதைவிடச் சீக்கிரம் அழுகும் சரக்கு. இன்று விற்காத ஷிப்டை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. மளிகைக் கடை நோட்டும் வீட்டு வாடகையும் காத்திருக்காது. முதலாளிக்கும் அவசரம் உண்டு: கப்பல் ஏற்றும் தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், லாபம் அதிலேயே கரையும். ஆனால் ஒரு டைலர் வராததால் கப்பல் தவறுவதில்லை. நானூறு பேர் சேர்ந்து வராவிட்டால் தவறும். சங்கத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போகலாமே?

திருப்பூரில் போகலாம், போகிறார்கள். 'டைலர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை' என்ற பலகை தொங்காத தெரு குறைவு. பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் திங்கட்கிழமை வேறு வாசலில் நிற்கும் டைலர்கள் உண்டு. இந்த ஊரில் கூலியை உயர்த்தியதில் சங்கத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஆள் பற்றாக்குறைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. சங்கத் தோழர்களுக்கு இதைக் கேட்கப் பிடிக்காது.

எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பனியனுக்கு நூல் கொடுக்கும் நூற்பாலைகளுக்குப் போனால் போதும். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர்பெற்ற ஏற்பாட்டில், பதின்ம வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். பாதியில் விட்டுப்போனால் அந்தத் தொகை சிக்கலாகிவிடும். விடுதிக் கதவைத் தாண்டி வேறு ஆலையில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கக்கூட வழியில்லை. உழைப்பை வாங்குபவர் ஒரே ஒருவர் என்ற நிலைக்குப் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-இல் 'மோனாப்சனி' என்று தனியாக ஒரு பெயர் கொடுத்தார். பாடநூலில் அதற்கு உதாரணமாகப் பெரும்பாலும் ஒரே சுரங்கம் உள்ள ஊரைக் காட்டுவார்கள். நமக்கு நூற்பாலை விடுதி போதும்.

இப்படிப்பட்ட இடத்தில் கூலியை உயர்த்தினால் வேலைக்கு வருவோர் தொகை கூடவும் செய்யும். ஏனென்றால் முன்பு அந்தக் கூலிக்கு வர மறுத்தவர்கள் இப்போது வருவார்கள். வரைபடத்தில் வேலையிழப்பைக் காட்டிய அதே கோடு, இங்கே வேலைப்பெருக்கத்தைக் காட்டுகிறது.

இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா?

மிகவும் பேசப்பட்டது அமெரிக்காவில் நடந்தது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் மணிநேரக் குறைந்தபட்ச கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்திலிருந்த பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இரு பக்கத்து துரித உணவகங்கள் சுமார் 400-ஐ உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. 1994-இல் இது வெளியானபோது பொருளாதார அறிஞர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். வேறு தரவுகளை வைத்து மறுத்தவர்களும் உண்டு. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இதை எடுத்துக்கொண்டு 'எவ்வளவு ஏற்றினாலும் பாதிப்பில்லை' என்று சொல்வோர் அந்த ஆய்வைச் சரியாகப் படிக்கவில்லை. ஓர் ஊரில், ஒரு தொழிலில், ஓரளவு உயர்வு வேலையைப் பறிக்கவில்லை என்பதுதான் அது சொன்னது.

1984 திருப்பூர் வேலைநிறுத்தத்தை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

127 நாள் நடந்ததால். கேட்டது பஞ்சப்படி.

பஞ்சப்படி என்ற சொல்லையே கவனியுங்கள். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி. ஆலைத் தொழிலாளி வாயில் அது பஞ்சப்படி. விலைவாசிக் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் கூலியில் இத்தனை பைசா தானாகவே ஏறும் என்ற ஏற்பாடு. விலைவாசி ஏறும்போதெல்லாம் முதலாளியிடம் போய் நிற்க வேண்டாம் என்பதுதான் அதன் அருமை. பொருளாதார மொழியில் சொன்னால், பணக்கூலியை, அதாவது கையில் வாங்கும் ரூபாயைக் காப்பதிலிருந்து, மெய்க்கூலியை, அதாவது அந்த ரூபாயில் வாங்க முடிகிற பொருளைக் காப்பதற்குச் சங்கம் நகர்ந்த இடம் அது.

பிறகு நடந்தது இன்னும் படிப்பினை தருவது. வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது. கூடவே தொழில் துண்டு துண்டாக உடைந்தது. பின்னுவது ஒரு கூரைக்குக் கீழே, சாயம் இன்னொரு இடத்தில், தையல் ஒரு காண்ட்ராக்டரிடம், பித்தான் கட்டுவது வேறொரு வீட்டுத் திண்ணையில். ஷிப்ட் கூலிக்குப் பதில், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற பீஸ் ரேட் பரவியது. சங்கம் ஒரு பெரிய வாசலில்தான் கொடி நட முடியும். ஐம்பது சின்ன வாசல்களில் எங்கே நடுவது? ஏற்றுமதிக்கு வளைந்து கொடுக்கும் அமைப்பு தேவைப்பட்டதும் இதற்குக் காரணம், சங்கத்திலிருந்து தப்பிக்க நினைத்ததும் காரணம். இரண்டையும் பிரித்து எடை போட நான் துணிய மாட்டேன். ஆனால் கூலி உயர்வின் விளைவை வேலை எண்ணிக்கையில் மட்டும் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள் என்பது இதில் தெளிவு. வேலை எங்கும் போகவில்லை, வேலையின் வடிவம் மாறிவிட்டது.

இப்போது கூலி எப்படி முடிவாகிறது?

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுகின்றன. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச., ஐ.என்.டி.யு.சி. என்று கட்சிக் கொடிகள் பல. பேச்சுவார்த்தை மேசையில் பெரும்பாலும் ஒரே பக்கம் உட்காருவார்கள். ஒரு தொழில் முழுவதற்கும் இப்படிப் பேசி முடிப்பது இந்தியத் தனியார் துறையில் அரிது. அதை வியக்கத்தான் வேண்டும்.

2021-இல் முடிந்த ஒப்பந்தத்தில் 32 விழுக்காடு உயர்வு: முதலாண்டு 19, அடுத்து 5, பிறகு 4, மறுபடி 4. தலைப்புச் செய்தியில் 32 பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டைப் பாருங்கள். 2022-23-இல் நாட்டின் சில்லறை விலைவாசி சராசரியாக 6.7 விழுக்காடு ஏறியது. 5 விழுக்காடு கூடுதலாக வாங்கியவர் உண்மையில் கொஞ்சம் குறைவாக வாங்கினார். முதலாண்டு வாங்கிய 19-ஐத்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் சாப்பிட வேண்டியிருந்தது.

இந்த ஒப்பந்தம் ஷிப்ட் கூலிக்காரருக்குத்தான் நேரடியாகப் பொருந்தும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு டஜனுக்கு எவ்வளவு என்பதைக் காண்ட்ராக்டரும் சீசனும் தீர்மானிக்கின்றன. ஆர்டர் நிறைய இருக்கும் மாதங்களில் அவர் ஷிப்ட்காரரைவிட அதிகம் சம்பாதிப்பார். ஆர்டர் இல்லாத மாதத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஒப்பந்தத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் தோளைக் குலுக்குவார். செக்கிங், கைமடி போன்ற வேலைகளில் பெண்கள் அதிகம், கூலி குறைவு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் புகைப்படத்தில் பெண்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன்.

முதலாளிக்கும் கட்டுப்படியாக வேண்டுமே, கூடுதல் கூலிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நியாயமான கேள்வி. எல்லா முதலாளியும் மாளிகையில் இருப்பவர் அல்லர். நேற்றுவரை கட்டிங் மாஸ்டராக இருந்து, வங்கியில் கடன் வாங்கி இருபது பவர் டேபிள் (மின் தையல் இயந்திரம்) போட்டவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் இதைப் பார்க்க ஒரு வழி சொன்னார். உழைப்புக்கான தேவை என்பது பொருளுக்கான தேவையிலிருந்து பிறப்பது. பொருளின் விலை ஏறினால் வாங்குபவர் எளிதில் வேறிடம் போவார் என்றால் கூலி உயர்வு வேலையைத் தாக்கும். மொத்தச் செலவில் கூலியின் பங்கு சிறிது என்றால் தாக்காது. திருப்பூருக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் உண்டு. அமெரிக்கக் கடையில் தொங்கும் ஒரு டி-ஷர்ட் விலையில் அதைத் தைத்தவரின் கூலி மிகச் சிறிய துளி. ஆனால் அந்தக் கடைக்காரர் கொள்முதலைத் திருப்பூரிலிருந்து வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ மாற்ற ஒரு மின்னஞ்சல் போதும்.

இங்கே சிறுமுதலாளியே ஒரு பெரிய வாங்குபவரிடம் கூலி பேசுபவர்போல நிற்கிறார். தொழிலாளிக்கும் அவருக்கும் நடுவில் உள்ள பேரத்தைவிட, அவருக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் நடுவில் உள்ள பேரம் கடினமானது. சங்கம் முதல் மேசையில்தான் உட்கார முடிகிறது. பணம் இரண்டாவது மேசையில் இருக்கிறது. 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி போட்டதும் ஆட்டம் கண்டது. முதல் பதிலில் 900 என்று நான் போட்ட உச்சவரம்பு எப்படி ஓர் அறிவிப்பில் இறங்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

போட்டி நாட்டிலும் கூலி ஏறினால் இறுக்கம் தளரும். வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளர் போராட்டத்துக்குப் பின் மாதக் குறைந்தபட்ச கூலி 8,000 டாக்காவிலிருந்து 12,500 டாக்காவாக 2023 டிசம்பரில் உயர்ந்தது. டாக்கா நகரில் நடக்கும் ஊர்வலம் திருப்பூர் டைலருக்கும் உதவுகிறது.

சங்கத்தில் சேராதவருக்கும் அதே உயர்வு கிடைக்கிறதே, பிறகு ஏன் சந்தா கட்ட வேண்டும்?

பெரும்பாலோர் இப்படித்தான் யோசிக்கிறார்கள், அதனால்தான் சங்கங்கள் மெலிந்து கிடக்கின்றன. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொடாமல் நடந்து வருபவருக்கும் சாமி தரிசனம் கிடைக்கும். எல்லாரும் அப்படியே நடந்தால் தேர் நிலையை விட்டு நகராது. பல நாடுகளில் இந்தச் சிக்கலுக்குச் சட்டத்தில் தீர்வு தேடினார்கள். நம் ஊரில் தலைவர்களின் நடைக்கும் நாவன்மைக்கும் விட்டுவிட்டோம்.

வடமாநிலத் தொழிலாளர் வருவதால் உள்ளூர்க் கூலி இறங்குகிறதா?

ஒரே வேலையை இருவரும் செய்கிற இடத்தில் உயர்வின் வேகம் குறையும். இது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வராமல் போனால், ஆர்டரே வேறு ஊருக்குப் போய், உள்ளூர்க் கட்டிங் மாஸ்டருக்கும் வேலை இருக்காது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்களோ என்று முதலில் பதறியவர்கள் முதலாளிகள்தான்.

விடுதியில் தங்கி, காண்ட்ராக்டர் வழியாகச் சம்பளம் வாங்கி, தமிழ் தெரியாமல் இருப்பவரைச் சேர்க்காத சங்கம் தன் காலடி மண்ணைத் தானே பறிக்கிறது. சென்னைக்கு இதில் நூறாண்டுப் பழைய வடு ஒன்று இருக்கிறது. 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி.வாடியா, திரு.வி.க. ஆகியோர் முன்னின்றார்கள். 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தபோது சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகம் தோற்கடித்தது என்பது பாதிதான். யாரை 'நம்மவர்' என்று எண்ணுவது என்ற கேள்விக்குச் சங்கத்திடம் அன்று பதில் இல்லை.

சங்கம் என்றால் தொழிலாளிக்கு மட்டும்தானா?

சோமனூர், பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். விசைத்தறி உரிமையாளர்கள் ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவு நூல் வாங்கி, நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துகிறார்கள், பட்டினிப் போராட்டம் நடத்துகிறார்கள். தறி அவர்களுடையது, நெய்யும் துணி அவர்களுடையது அல்ல. இவர் முதலாளியா தொழிலாளியா என்று பாடநூலைக் கேட்டால் விழிக்கும்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எதை மாற்றுகின்றன?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொகுப்புகளில், சங்கத்தைத் தொடுவது தொழிலுறவுத் தொகுப்பு. 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை பெறும். எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300-ஆக உயர்ந்துவிட்டது.

பெரிய ஆலையை நடத்தத் தயங்கியவர்கள் இனி துணிந்து ஆள் எடுப்பார்கள் என்பது ஆதரிப்பவர் வாதம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. திருப்பூர் சிறிதாக உடைந்து நிற்பதற்குச் சட்ட வரம்பைவிட சீசனும் கடன் வசதியும் பெரிய காரணங்கள் என்று நினைக்கிறேன். முன்னறிவிப்பு விதியின் விளைவு ஓரளவு ஊகிக்கக்கூடியது: கப்பல் தேதியைக் கையில் வைத்திருப்பதுதான் தொழிலாளியின் பலம் என்று மேலே சொன்னேன், 14 நாளில் ஒரு கெட்டிக்கார முதலாளி ஆர்டரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்.

தீபாவளி போனஸ் முதலாளியின் அன்பளிப்பா?

இல்லை, சட்டம். ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20 என்று 1965-இல் வந்த போனஸ் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் வகுத்தன. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். ஸ்வீட் பாக்ஸ்தான் அன்பளிப்பு.

நான் காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைக்கிறேன். அவர் சம்பளம் கொடுக்காமல் போனால் யாரிடம் கேட்பது?

சட்டம் உங்கள் இடத்துக்குப் பொருந்தினால், யாருடைய துணியைத் தைத்தீர்களோ அந்தக் கம்பெனியிடம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. புதிய தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் பழைய சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குப் பொருந்தியது, புதியது 50 பேரிலிருந்துதான் தொடங்குகிறது. பன்னிரண்டு பேரை வைத்துத் தைக்கும் காண்ட்ராக்டர் இரண்டிலும் சிக்க மாட்டார். எந்தக் கம்பெனிக்கு எத்தனை டஜன் தைத்தீர்கள், என்ன ரேட் பேசினீர்கள் என்பதை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதி, சனிக்கிழமைதோறும் அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால், அடுத்த வாரம் எங்கே வேலைக்குப் போவது என்பதை அப்போதே யோசித்துக்கொள்ளலாம்.